ஊர் கூடித் தேர் இழுக்கலாம்… ஆனா வடத்தை எப்படிப் பிடிக்கிறது? – ஐரோப்பாவின் ஆயுதக் கொள்முதல் கதை



கூட்டாட்சி, மாநில உரிமைன்னு நாம பேச ஆரம்பிச்சாலே டிவி விவாதத்துல எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒரு துருப்புச்சீட்டை எடுப்பார், கவனிச்சிருப்பீங்க. "பாதுகாப்புன்னு வந்துட்டா இதெல்லாம் எடுபடாது. ஒரே தலைமை, ஒரே முடிவு, ஒரே கஜானா. ஐரோப்பாவைப் பாருங்க, 27 நாடு 27 திசையில இழுத்து, உக்ரைனுக்குப் பீரங்கிக் குண்டு கூட நேரத்துக்குக் கொடுக்க முடியல" என்பார். உடனே நம்ம ஆளுங்க சிலர், "அதெல்லாம் இல்ல, ஐரோப்பா இப்போ ஒண்ணா சேர்ந்து வாங்குது, அதுதான் கூட்டாட்சி"ன்னு திருப்பி அடிப்பாங்க.

ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதிதான் உண்மை. முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசினா நம்ம வாதம் இன்னும் வலுவா நிக்கும். அதுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல, எதிர்ப்பக்கம் சொல்ற உண்மை. ஐரோப்பிய நாடுகள் ஆயுதம் வாங்குற விதம் ரொம்ப காலமா கந்தரகோலமாத்தான் இருக்கு. ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவரும் இத்தாலியின் முன்னாள் பிரதமருமான மரியோ திராகி 2024 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் இதை நேரடியாகவே சொன்னார். அமெரிக்கா ஒரே ஒரு வகை போர் டாங்கியைத் தயாரிக்கிறது. ஐரோப்பாவில் 12 வகை டாங்கிகள் ஓடுகின்றன. 12 வகைன்னா 12 விதமான உதிரிபாகம், 12 விதமான பயிற்சி, 12 விதமான ரிப்பேர் கொட்டகை. தளவாடக் கொள்முதலில் குறைந்தது 35 சதவீதத்தைச் சேர்ந்து வாங்குவோம் என்று 2007லேயே அவங்களே ஒரு இலக்கு வச்சாங்க. 2022ல் எட்டியது 18 சதவீதம். பதினஞ்சு வருஷத்துல பாதி தூரம்!

இன்னொரு கணக்கும் அதே அறிக்கையில் இருக்கு. 2022 ஜூன் முதல் 2023 ஜூன் வரை ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஆயுதத்துக்குச் செலவு செஞ்ச பணத்தில் 78 சதவீதம் ஒன்றியத்துக்கு வெளியே போயிருக்கு. 63 சதவீதம் அமெரிக்காவுக்கு மட்டும்.

ஏன் இப்படி? ஒத்துமை இல்ல, பொறாமைன்னு சுலபமா சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அசல் காரணம் வேற. ஒவ்வொரு அரசும் தன் மக்கள் வரிப்பணத்தைப் போடும்போது, "எனக்கு என்ன கிடைக்கும்?"னு கேட்குது. எந்த ஊர்ல ஃபேக்டரி, எத்தனை பேருக்கு வேலை? இது நியாயமான கேள்விதான். அதுக்கு அவங்க ஊர்ல ஒரு பேரே உண்டு, போட்ட பணத்துக்குச் சரிசமமா வேலை திரும்பி வரணும்னு. ஆனா இந்தக் கேள்வியை ஒவ்வொரு நட்டு போல்ட்டுக்கும் கேட்க ஆரம்பிச்சா என்ன ஆகும்?

யூரோஃபைட்டர் போர் விமானத்தை எடுத்துக்கோங்க. பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் நாலும் சேர்ந்து செஞ்சது. அதுல இடது இறக்கை இத்தாலியில் தயாராகுது, வலது இறக்கை ஸ்பெயினில் தயாராகுது. ஜோக் இல்ல, நிஜம். கடைசியா விமானத்தைப் பூட்டுற வேலைக்கு நாலு நாட்டிலும் தனித்தனி அசெம்ப்ளி லைன். இந்தத் திட்டத்துல முதல்ல பிரான்ஸும் இருந்துச்சு. விமானம் தாங்கிக் கப்பல்ல இறங்குற மாதிரி சின்னதா வேணும், வடிவமைப்புல தலைமை தனக்கு வேணும்னு சொல்லி 1985ல் வெளியேறி, தனியா ஒண்ணு செஞ்சது. அதுதான் ரஃபேல். ஆமா, 2016ல் இந்தியா 36 ஒப்பந்தம் போட்டதே, அதே ரஃபேல்தான். நம்ம நாட்டு அரசியலை அத்தனை நாள் உலுக்கிய விமானத்தோட ஜாதகம், ஐரோப்பியக் கூட்டாளிகளுக்குள் வந்த ஒரு தகராறுல ஆரம்பிக்குது.

இதை விட மோசமான கதை என்.எச்.90 ஹெலிகாப்டர். இன்ஜினியரிங் படிச்ச தோழர்கள் இந்த இடத்தை ரெண்டு தடவை படிங்க. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து சேர்ந்து 1992ல் ஆரம்பிச்ச திட்டம். ஒரே ஹெலிகாப்டர், நிறைய நாடு, ஆர்டர் கூடக் கூட விலை குறையும் என்பதுதான் யோசனை. பேப்பர்ல பிரமாதம். ஆனா ஒவ்வொரு நாடும் உள்ளே வரும்போது தன் ஆசையைக் கூடவே கூட்டிட்டு வந்துச்சு. ஸ்வீடனுக்கு உள்ளே ஆள் நிமிர்ந்து நிக்கிற உயரத்துக்கு கேபின் வேணும். இன்னொருத்தருக்கு வேற ரேடார். மற்றொருத்தருக்கு வேற ரேடியோ. கடைசியில் 20க்கு மேற்பட்ட வகைகள். பேரு ஒண்ணு, பொருள் இருபது! உற்பத்தி எண்ணிக்கை கூடினா விலை குறையும் என்ற விதி, எல்லாரும் ஒரே டிராயிங்ல கையெழுத்துப் போட்டாத்தான் வேலை செய்யும். ஆளுக்கொரு டிராயிங்னா அது கூட்டுக் கொள்முதல் கிடையாது. இருபது தனிக் கொள்முதலை ஒரே ஃபைல்ல போட்டுக் கட்டுனது, அவ்வளவுதான்.

இதுல அடிபட்டது நார்வே. 2001ல் 14 ஹெலிகாப்டர் ஆர்டர் கொடுத்தாங்க. 2008க்குள்ள எல்லாம் வந்து சேரணும். 2022 ஜூன் வரைக்கும் முழுத் தகுதியோட வந்தது 8. வருஷத்துக்கு 3,900 மணி நேரம் பறக்க வேண்டிய படை, சராசரியா சுமார் 700 மணி நேரம்தான் பறந்தது. நார்வே பொறுமை இழந்து, ஒப்பந்தத்தை ரத்து பண்ணி, எல்லா ஹெலிகாப்டரையும் எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டுச்சு. சுமார் 500 கோடி குரோனர். பிறகு அமெரிக்காவோட சீஹாக் வாங்கப் போயிட்டாங்க. நீளமான கடற்கரை, வடக்கே ரஷ்ய நீர்மூழ்கிகள்… அதைத் தேடுற ஹெலிகாப்டர் கொட்டகையில நின்னா, விளையாட்டா?

ஏ400எம் சரக்கு விமானக் கதையும் இதே குடும்பம்தான், சுருக்கமா சொல்லிடுறேன். 2003ல் 7 நாடுகள் 180 விமானத்துக்கு ஆர்டர். இன்ஜின் ஐரோப்பாவுல செஞ்சதாத்தான் இருக்கணும்னு அரசியல் அழுத்தம். அந்தப் புது இன்ஜினோட கட்டுப்பாட்டு மென்பொருள் தலைவலியாகி, முதல் விமானம் பிரான்ஸ் கைக்கு வந்தது 2013ல். நடுவுல 2010ல் வாங்கின நாடுகளே 350 கோடி யூரோ கூடுதலா கொடுத்துத் திட்டத்தைக் காப்பாத்த வேண்டியதாச்சு. விமானம் இப்போ நல்லாத்தான் பறக்குது, அதையும் சொல்லணும்.

"அப்போ அவர் சொல்றது சரிதானே, ஒரே தலைமை இல்லாததுதானே பிரச்சினை?"ன்னு கேட்பீங்க. இருங்க. அவர் காட்டாத பக்கத்துக்கு இப்பத்தான் வரேன்.

நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊர். ஃபிலிப்ஸ் கம்பெனி பிறந்த ஊர். அங்கே உள்ள விமானப்படைத் தளத்தில் வானத்திலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் ஏர்பஸ் விமானங்கள் நிக்குது. 2011ல் லிபியா மேல வான்தாக்குதல் நடந்தப்போ ஐரோப்பியர்களுக்கு ஒரு உண்மை உறைச்சது. அவங்க போர் விமானங்களுக்கு வானத்துல எரிபொருள் நிரப்பின வேலையில் பெரும்பகுதியைச் செஞ்சது அமெரிக்க டேங்கர்கள்தான். சொந்தமா வாங்கலாம்னா ஒவ்வொண்ணும் யானை விலை. சின்ன நாட்டால கட்டுப்படியாகாது.

அதனால 2016ல் நெதர்லாந்தும் லக்சம்பர்க்கும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. 2017ல் ஜெர்மனியும் நார்வேயும், 2018ல் பெல்ஜியம், 2019ல் செக் குடியரசு, 2025ல் ஸ்வீடனும் டென்மார்க்கும். முறை என்ன தெரியுமா? யாரும் "இந்த விமானம் என்னுது"ன்னு வாங்குறதில்ல. விமானங்களின் உரிமை நேட்டோவிடம். ஒவ்வொரு நாடும் வருஷத்துக்கு எத்தனை பறக்கும் மணி நேரம் தேவையோ அதுக்குப் பணம் கட்டும். நம்ம கிராமத்துல டிராக்டரை மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கிற மாதிரின்னு வைங்களேன், ஆனா டிராக்டர்ல உனக்கும் பங்கு உண்டு. லக்சம்பர்க் மக்கள்தொகை ஏழு லட்சத்தைத் தொடல. அவங்ககிட்ட ஒரு போர் விமானம் கூட இல்ல. ஆனா அவங்களும் இந்தத் திட்டத்தைத் தொடங்கின நாடு, மேசையில் அவங்களுக்கும் நாற்காலி உண்டு.

இதைப் படிக்கும்போது எனக்குப் பிடிச்ச விஷயம், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தங்களின்படி பாதுகாப்பு இன்னமும் உறுப்பு நாடுகளின் கையில்தான். பிரஸ்ஸல்ஸ்ல இருந்து உத்தரவு போட்டு யாரையும் டேங்கர் வாங்க வைக்க முடியாது. முதல்ல ரெண்டு பேர் ஆரம்பிச்சாங்க, ஒழுங்கா நடந்தது, மத்தவங்க தானா வந்து சேர்ந்தாங்க. ஹங்கேரியின் பாப்பா விமானத் தளத்திலும் 12 நாடுகள் சேர்ந்து 3 பெரிய சி-17 சரக்கு விமானங்களை 2009ல் இருந்து ஓட்டிக்கிட்டு வராங்க. அங்கேயும் இதே மணிக்கணக்கு முறைதான்.

பெல்ஜியம், நெதர்லாந்து கடற்படைகள் இன்னும் ஒரு படி மேல. கண்ணிவெடி அகற்றும் கப்பல் ரெண்டு நாட்டுக்கும் தேவை, பெரிய போர்க்கப்பலும் தேவை. என்ன பண்ணினாங்க? கண்ணிவெடிக் கப்பல் கொள்முதலுக்குப் பெல்ஜியம் தலைமை. போர்க்கப்பல் கொள்முதலுக்கு நெதர்லாந்து தலைமை. 2019ல் ஆளுக்கு ஆறுன்னு 12 கண்ணிவெடிக் கப்பலுக்கு ஒரே ஆர்டர், ஒரே வடிவம். ஜெர்மனியும் நார்வேயும் 2021ல் ஒரே மாதிரி நீர்மூழ்கி வாங்க ஒப்பந்தம் போட்டது, 2025 ஆகஸ்டில் நார்வே பிரிட்டனோட டைப் 26 கப்பலையே தேர்ந்தெடுத்தது எல்லாம் இதே வழியில்தான். கிளாஸ்கோவில் கட்டும் அந்தக் கப்பல்களில் பிரிட்டனுக்கு 8, நார்வேக்கு குறைந்தது 5. ஹெலிகாப்டர்ல சூடு பட்ட நார்வே இப்போ எப்படி வாங்குதுன்னு பாருங்க. ஏற்கனவே கட்டிக்கிட்டிருக்கிற கப்பல், கூட ஒரே ஒரு கூட்டாளி, அவங்களோட அதே டிசைன்.

இது புதுசும் கிடையாது. 1975லேயே பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, நார்வே நாலும் கலந்து பேசி எஃப்-16ஐத் தேர்ந்தெடுத்து 348 விமானங்களுக்கு ஒண்ணா ஆர்டர் கொடுத்தாங்க. நாலும் சின்ன நாடுகள். தனித்தனியா போயிருந்தா அமெரிக்கக் கம்பெனி வாசல்லயே நிக்க வச்சிருக்கும். சேர்ந்து போனதால பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அசெம்ப்ளி லைன் வந்துச்சு.

இப்போ தனியா போனா என்ன ஆகும்னும் ஒரு உதாரணம். சுவிட்சர்லாந்து 2022ல் 36 எஃப்-35 விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டாங்க, சுமார் 600 கோடி ஃபிராங்க். விலை மாறாதுன்னு அரசு மக்கள்கிட்ட அடிச்சுச் சொல்லுச்சு. 2025ல் அமெரிக்கா, "அப்படி ஒண்ணும் இல்ல, கூடுதல் செலவை நீங்கதான் ஏத்துக்கணும்"னு சொல்லிடுச்சு. அதே வருஷம், அவங்க ஆர்டர் பண்ணின பேட்ரியாட் ஏவுகணை அமைப்பும் தாமதமாகும், உக்ரைனுக்குத்தான் முன்னுரிமைன்னு தகவல் வந்துச்சு. அவ்வளவு பணக்கார நாடு! வரிசையில தனியா நின்னா பணம் இருந்தும் பின்னால தள்ளப்படுறாங்க. இதுக்கு மாறா ஜெர்மனி, நெதர்லாந்து, ருமேனியா, ஸ்பெயின் நாலும் 2024 ஜனவரியில் நேட்டோ கொள்முதல் அமைப்பு வழியா 1,000 பேட்ரியாட் ஏவுகணை வரைக்கும் ஒரே ஒப்பந்தமா போட்டாங்க. அந்த எண்ணிக்கைக்காக ஜெர்மனியிலேயே ஃபேக்டரி வருது.

அடுத்து உக்ரைன். எதிர்ப்பக்கம் சொன்ன அந்தக் குண்டுக் கணக்கு.

2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்துச்சு. 12 மாதத்தில் 10 லட்சம் பீரங்கிக் குண்டு. 200 கோடி யூரோ ஒதுக்கீடு. அதில் பாதி, கையிருப்பிலிருந்து கொடுப்பவர்களுக்குத் திருப்பித் தர. மீதி பாதி, சேர்ந்து வாங்க. அங்கேயே ஒரு பஞ்சாயத்து. இந்தப் பணத்துல வெளிநாட்டுக் குண்டு வாங்கலாமா, ஐரோப்பாவுல செஞ்சது மட்டும்தானா? பிரான்ஸ் மாதிரி நாடுகள் உள்ளூர்தான்னு நின்னாங்க. வாரக்கணக்குல பேச்சு. உள்ளூர்ன்னு முடிவாச்சு. ஆனா உள்ளூர் ஃபேக்டரிகளுக்கு அந்த வேகம் இல்ல. பல வருஷமா ஆர்டரே இல்லாம கிடந்த லைனை ஒரே நாள்ல முடுக்கிவிட முடியுமா? வெடிமருந்துக்கே தட்டுப்பாடு. 2024 ஜனவரி கடைசியில் ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவர் ஜோசப் பொரெல் ஒத்துக்கிட்டார்: மார்ச்சுக்குள்ள 5,24,000தான் போகும். பாதிக்குக் கொஞ்சம் மேல.

அடுத்த மாதமே அவ்திய்வ்கா நகரம் ரஷ்யா கையில் விழுந்தது. அதுக்குப் பல காரணம் உண்டு, ஆனா அங்கே இருந்த உக்ரைன் வீரர்களிடம் திருப்பிச் சுட குண்டு இல்லை என்பது உலகமே பார்த்த உண்மை. பிரஸ்ஸல்ஸ்ல டெண்டர் விதி பேசின ஒவ்வொரு வாரத்துக்கும் அந்தப் பதுங்குகுழியில இருந்தவன் விலை கொடுத்தான். கூட்டுக் கொள்முதல்னா ஏதோ ஃபைல் சமாச்சாரம்னு நினைக்கிற தோழர்கள் இதை மட்டும் மறக்காதீங்க.

அப்போ யார் வந்து கைகொடுத்தாங்க? வலுவான தலைமையா? இல்ல. செக் குடியரசு. 2024 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் செக் அதிபர் பீட்டர் பாவெல் எழுந்து, "உலகத்துல 8 லட்சம் குண்டு எங்கே இருக்குன்னு நாங்க கண்டுபிடிச்சிட்டோம், பணம் மட்டும் கொடுங்க"ன்ற பொருள்பட சொன்னார். அந்த நாட்டுக்கு ஆயுத வியாபாரத்துல பழைய தொடர்புகள் நிறைய. யாரிடம் கையிருப்பு, யார் பேர் வெளியே வராம விக்கத் தயார், எல்லாம் அவங்களுக்குத் தெரியும். ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், கனடா, போர்ச்சுகல் எல்லாம் பணம் போட்டாங்க. தேடுறவன் தேடினான், பணக்காரன் பணம் கொடுத்தான். அதே வருஷம் டென்மார்க் இன்னொரு வழி காட்டுச்சு. உக்ரைன் ஃபேக்டரியிலேயே பணத்தைப் போட்டு 18 போக்தானா பீரங்கிகளைச் செய்ய வச்சு, சில மாதத்துல களத்துக்கு அனுப்புச்சு.

ஒன்றியத்தின் 10 லட்சம் இலக்கும் கடைசியில் எட்டப்பட்டது, 2024 முடியும் நேரத்தில்.

இப்போ அடுத்த கட்டம். 2025 மே மாதம் ஒன்றியம் "சேஃப்" என்ற பெயரில் 15,000 கோடி யூரோ கடன் திட்டத்தை நிறைவேற்றியது. சேர்ந்து ஆயுதம் வாங்கும் நாடுகளுக்கு 45 வருஷம் வரை நீண்டகாலக் கடன். பொருளின் மதிப்பில் குறைந்தது 65 சதவீதம் ஐரோப்பாவிலோ உக்ரைனிலோ செஞ்சதா இருக்கணும். 19 நாடுகள் விண்ணப்பிச்சாங்க, அதிகப் பங்கு போலந்துக்கு, 4,300 கோடி யூரோவுக்கு மேல.

இந்த 65 சதவீத விதி சரியா? என் கருத்து, சரிதான், ஆனா குண்டு மாதிரி அவசரச் சரக்குக்குக் கூடாது. இதே போலந்தைப் பாருங்க. 2022 ஆகஸ்டில் தென் கொரியாவோட 180 கே2 டாங்கி, 212 கே9 பீரங்கிக்கு ஒப்பந்தம் போட்டாங்க. டிசம்பர்லயே முதல் தொகுதி கப்பல்ல வந்து இறங்கிடுச்சு. நாலு மாசம்! ஐரோப்பாவுல எந்த ஃபேக்டரியாலயும் அன்னைக்கு அதைச் செஞ்சிருக்க முடியாது. பக்கத்து வீட்ல தீப்பிடிச்சிருக்கும்போது வாளி எந்த ஊர்ல செஞ்சதுன்னு பார்ப்பீங்களா? ஆனா இருபது முப்பது வருஷம் ஓட்டப்போற கப்பலோ விமானமோ வேற விஷயம். அதுக்கு உள்ளூர் ஃபேக்டரி அவசியம். இல்லன்னா சுவிட்சர்லாந்து கதைதான் எல்லாருக்கும்.

சேஃப் திட்டத்துல இன்னொரு ஓட்டை எனக்கு உறுத்துது. ஆரம்பத்துல 2026 மே 30 வரைக்கும் ஒரு நாடு தனியாவே வாங்கவும் அனுமதி கொடுத்திருக்காங்க. அவசரத்துக்குன்னு சொல்றாங்க, புரியுது. ஆனா கூட்டுக் கொள்முதலுக்குன்னு எடுத்த கடன்ல தனித்தனியா கடைக்குப் போறதுக்குப் பேரு என்ன? அந்தப் பணத்துல எத்தனை பேர் ஒரே டிராயிங்ல கையெழுத்துப் போட்டாங்கன்னு பார்க்கணும். தலைப்புச் செய்தியில வர்ற கோடிகளைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஆக தோழர்களே, அடுத்த விவாதத்துல "ஒரே தலைமை இல்லாததாலதான் ஐரோப்பா தோத்துச்சு"ன்னு யாராவது சொன்னா, என்.எச்.90 தோத்ததையும் 2023 குண்டு வாக்குறுதி தோத்ததையும் மறைக்காம ஒத்துக்கோங்க. எல்லாரும் எல்லாத்தையும் கேட்டதால ஹெலிகாப்டர் தோத்தது. குண்டு விஷயத்துல, அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே விதி போட்டு உட்கார்ந்ததால தாமதம். அப்புறம் ஐந்தோவன்ல நிக்கிற அந்த விமானங்கள் எந்த நாட்டோடதுன்னு அவர்கிட்டயே கேளுங்க. எட்டு நாடு, எட்டு நாடாளுமன்றம், பல மொழி. யாரும் யாருக்கும் அடிபணியல. விமானம் பறக்குது.

– தகவல் தொழில்நுட்ப அணி
#கூட்டாட்சி #மாநிலஉரிமை